எங்கள் தக்காளியில் கிள்ளிப்போன இலைக்கு ஒரு பதில் வேண்டும்

தாவர வைரஸ் ஆய்வுக்கூடங்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கும், ஆராய்ச்சி மாணவர்களுக்கும், விவசாய ஆய்வு நிலையங்களில் வேலை செய்பவர்களுக்கும் வணக்கம்.

தாப்பாவிலிருந்து எழுதுகிறேன். கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை இங்கேதான் தொடங்குகிறது. அந்தச் சாலையில் இறங்கும் காய்கறி லோரிகள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் நெடுஞ்சாலையைப் பிடிக்கின்றன. அதனாலோ என்னவோ, தக்காளி என்று பேச்சு வந்தாலே எல்லார் கண்ணும் மேலே மலைக்குப் போய்விடுகிறது. கீழே அடிவாரத்தில், செம்பனைக்கும் மிச்சமிருக்கும் பால்மரத்துக்கும் நடுவில், தோட்ட வேலை போன பிறகும் ஊரை விட்டுப் போகாத குடும்பங்கள் கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று பிளாஸ்டிக் கூரை போட்டு, பைகளில் தேங்காய் நார்த்தூள் நிரப்பி, சொட்டுக் குழாயில் உரத் தண்ணீர் விட்டுத் தக்காளியும் மிளகாயும் கத்தரியும் பயிர் செய்கிறார்கள். பெர்திகாசி என்று சொன்னால் உங்களுக்கு உடனே புரியும். அப்பா அம்மா பால் வெட்டிய ஊரிலேயே பிள்ளைகள் சொந்தமாக ஒரு தொழில் செய்ய முடிகிறது என்றால் அது இந்தக் கொட்டகைகளால்தான், அதனால் இவை எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

நான் கேட்க வந்தது இதுதான். எங்கள் செடிகளில் இருப்பது எந்த வைரஸ் என்று முழு மரபணு வரிசையோடு கண்டுபிடியுங்கள், கண்டுபிடித்ததை எங்களிடமும் சொல்லுங்கள்.

முன்பு ஓர் ஆய்வுக் குழு வந்தது. எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை, யாரையும் இழுத்து வைத்துப் பேசுவது என் நோக்கம் இல்லை. நல்ல பிள்ளைகள். தூறலில் நனைந்துகொண்டே வரிசை வரிசையாக நடந்தார்கள். நுனியில் இருக்கும் இளம் இலையாகப் பார்த்துக் கிள்ளி, ஜிப் பையில் போட்டு, மேலே எண் எழுதி, ஐஸ் பெட்டிக்குள் அடுக்கினார்கள். பக்கத்துக் கொட்டகை அக்கா எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். ‘ரிசல்ட் வந்ததும் சொல்றோம்’ என்று போன் எண் வாங்கிக்கொண்டு போனார்கள், அதோடு சரி. பின்னால் நாங்கள் வாட்சப்பில் கேட்டபோது ‘இன்னும் வேலை நடக்கிறது’ என்று ஒரு பதில் வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. அந்தப் பிள்ளைகள் படிப்பை முடித்து வேறு வேலைக்குப் போயிருக்கலாம், நிதி முடிந்திருக்கலாம். ஆனால் அந்த அக்கா அந்தப் பருவம் முடிந்ததும் மறுபடி விதை வாங்கக் கடைக்குப் போனார். எந்த விதை வாங்குவது என்று அவருக்குச் சொல்ல ஊரில் ஒருவரிடமும் பதில் இல்லை.

இதைத்தான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். வைரஸின் பெயர் உங்களுக்கு ஒரு கட்டுரையின் தலைப்பு, எங்களுக்கு அது அடுத்த பருவத்தின் முதல் செலவு. நாற்று வைத்து இரண்டு மூன்று வாரத்தில் நுனி இலை சின்னதாகிறது, ஓரம் மேல்நோக்கி மடிந்து கிண்ணம் போல் ஆகிறது, நரம்புக்கு நடுவிலும் ஓரத்திலும் மஞ்சள் ஏறுகிறது, கணு இடைவெளி குறைந்து செடி குட்டையாக நின்றுவிடுகிறது, வருகிற பூவெல்லாம் கொட்டிவிடுகிறது. இளம் பருவத்தில் பிடித்த செடி காய்க்கவே காய்க்காது. காய் வந்த பிறகு பிடித்தால் இருக்கிற காயைப் பறித்துக்கொள்ளலாம், மேலே ஒன்றும் வராது. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு மில்லிமீட்டர் அளவில் மாவு பூசிய மாதிரி வெள்ளை ஈ உட்கார்ந்திருக்கும். பக்கத்திலேயே நகராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் மஞ்சள் நிறக் குஞ்சுகள் இருக்கும். அவை கழித்த இனிப்புத் தண்ணீர் கீழ் இலையில் வடிந்து, அதன் மேல் கரும்பூசணம் படிந்திருக்கும். தொட்டால் விரல் பிசுபிசுக்கும். இதெல்லாம் எங்களுக்கே தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாததைத்தான் உங்களிடம் கேட்கிறோம்.

ஏனென்றால் மஞ்சள் என்பது ஒரே மஞ்சள் இல்லை. கீழ் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுவெல்லாம் வெளிறிப் போய், இலை தடித்து, மடக்கினால் மொடமொடவென்று உடைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் காட்டினால் ‘மெக்னீசியம் பத்தல’ என்று எப்சம் உப்பு கட்டிக் கொடுத்துவிடுவார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, உண்மையிலேயே மெக்னீசியக் குறையும் அப்படித்தான் இருக்கும். ஆனால் டொமேட்டோ குளோரோசிஸ் வைரஸ் பிடித்த செடியும் அதே மாதிரிதான் இருக்கும், அதையும் வெள்ளை ஈதான் கொண்டுவருகிறது. பயோடெக் படித்த என் அக்கா மகள் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். இந்த மடலில் வரும் அறிவியல் எல்லாம் அவள் கட்டுரைகளைப் படித்து எனக்கு விளக்கியது, நானும் விடாமல் கேட்டுப் படித்தது. இலை சுருட்டுகிற கூட்டம் பெகோமோவைரஸ், அதன் மரபணு டிஎன்ஏ. கீழ் இலையை மஞ்சளாக்குகிற இது கிரினிவைரஸ், அதன் மரபணு இரண்டு ஆர்என்ஏ துண்டுகள். டிஎன்ஏவைத் தேடுகிற சோதனை மட்டும் செய்தால் ஆர்என்ஏ வைரஸ் கண்ணில் படவே படாது, ‘வைரஸ் இல்லை’ என்று தாளில் வந்துவிடும். அதை நம்பி நாங்கள் மறுபடியும் எப்சம் உப்பு வாங்குவோம். ஆகவே இலை எடுக்க வந்தால் இரண்டுக்குமே சேர்த்துப் பாருங்கள், மேல் இலையோடு கீழ் இலையையும் எடுத்துப் போங்கள்.

இப்போது விதைக்கு வருகிறேன், என் ஆதங்கம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. கலப்பின விதைப் பொட்டலத்தின் பின்பக்கம் சின்ன எழுத்தில் ‘ஐஆர்: டிஒய்எல்சிவி’ என்று இருக்கும். இடைநிலை எதிர்ப்புச் சக்தி, டொமேட்டோ யெல்லோ லீஃப் கர்ல் வைரஸுக்கு எதிராக என்று அர்த்தம். சாதாரண விதையைவிட விலை கூட. கொடுத்து வாங்குகிறோம், ஏனென்றால் எங்கள் செடியும் மஞ்சளாகிறது, சுருட்டுகிறது, பெயரும் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்கு உரிய வைரஸ் மத்தியக் கிழக்கில் அடையாளம் காணப்பட்டது. இஸ்ரேலில் கோஹனும் ஹார்பாஸும் 1964இல் அதை வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் என்று எழுதினார்கள், 1991இல் அதன் முழு மரபணு வரிசை வெளிவந்தது. அது பிறகு உலகம் முழுக்கப் பரவியது உண்மைதான். ஆனால் தக்காளி இலையைச் சுருட்டும் வைரஸ் அது ஒன்றுதானா? நம் வட்டாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே டொமேட்டோ லீஃப் கர்ல் மலேசியா வைரஸ் என்று நாட்டின் பெயரிலேயே ஒன்று பட்டியலில் இருக்கிறது. தாய்லாந்தின் காஞ்சனபுரி பெயரில் ஒன்று, தாய்லாந்தின் பெயரிலேயே இன்னொன்று, இந்தோனேசிய மிளகாயை அழித்த ஒன்று, களைச்செடியில் இருக்கும் அஜெரேட்டம் யெல்லோ வெயின் வைரஸ் ஒன்று. கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒரே சுருட்டல்தான்.

விதைக்குள் இருக்கும் எதிர்ப்புச் சக்தி எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. டிஒய்-1, டிஒய்-3 என்கிற மரபணுக்கள் தென்னமெரிக்கக் காட்டுத் தக்காளியான சொலானம் சிலென்ஸிலிருந்து வந்தவை. வைரஸ் டிஎன்ஏவை அடக்கிவைக்கும் செடியின் சொந்த ஏற்பாட்டைப் பலப்படுத்துகிற வகை. டிஒய்-2 இன்னொரு காட்டுத் தக்காளியிலிருந்து வந்தது. இந்தியாவில் கல்லூவும் பானர்ஜியும் 1990இல் வெளியிட்ட எச்-24 என்கிற வரிசைதான் அதற்கு மூலம். அது வைரஸின் ஒரு குறிப்பிட்ட புரதத்தை, பெருகுவதற்கு வைரஸ் பயன்படுத்தும் ரெப் புரதத்தை, அடையாளம் கண்டுகொண்டு எதிர்க்கிறது. அந்தப் புரதம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிற வைரஸ் வந்தால் டிஒய்-2 அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை, தைவானில் நடந்தது. அங்கே முதலில் தைவானின் சொந்த இலைச்சுருட்டு வைரஸ்தான் அதிகம், டிஒய்-2 உள்ள தக்காளி அதைத் தாங்கியது, விவசாயிகள் அதையே பரவலாக நட்டார்கள். 2005இல் தாய்லாந்து வகை வைரஸ் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. டிஒய்-2 அதற்கு நிற்கவில்லை. சில ஆண்டுகளிலேயே புதிதாக வந்ததே வயல்களில் மேலோங்கிவிட்டது. ஆனால் தைவானில் ஒரு வசதி இருந்தது. உலகக் காய்கறி மையம் அங்கேயேதான் இருக்கிறது, வயலில் இருக்கும் வைரஸை விடாமல் வரிசைப்படுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் செடி விழுந்ததும் ஏன் விழுந்தது என்று சொல்ல முடிந்தது. ஒரே மரபணுவை நம்பாமல் ஒன்றுக்கு மேற்பட்ட டிஒய் மரபணுக்களைச் சேர்த்து விதை செய்யும் வேலைக்கு அந்தத் தகவல்தான் உதவியது. இங்கே எங்கள் கொட்டகையில் செடி விழுந்தால் ‘விதை டூப்ளிகேட்டா இருக்கும்’, ‘உங்களுக்குச் சரியா மருந்து அடிக்கத் தெரியல’ என்று இரண்டு பதில்தான் கிடைக்கும். கடன் வாங்கிக் கூரை போட்ட ஒரு தம்பி இந்த இரண்டாவது பதிலைக் கேட்டுக் கேட்டே பயிரை விட்டுவிட்டு பினாங்குப் பக்கம் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். அவர் மருந்து அடித்ததில் குறை இருந்ததாக நான் நம்பவில்லை. அவர் நட்ட விதைக்கும் அவர் வயலில் இருந்த வைரஸுக்கும் பொருத்தம் இருந்ததா என்று பார்க்க அவருக்கு வழியே இல்லை, அவ்வளவுதான்.

சரி, பார்ப்பதென்றால் எப்படிப் பார்ப்பது? இதை உங்களுக்குச் சொல்லித்தரும் தகுதி எனக்கில்லை என்று தெரியும், இருந்தாலும் எங்கள் இலையைப் பற்றிய விஷயம் என்பதால் கேட்கிறேன். தயவுசெய்து பாதியில் நிறுத்தாதீர்கள். பெகோமோவைரஸின் ஒரு வட்ட டிஎன்ஏ சுமார் 2,700, 2,800 எழுத்துதான். சில வகைக்கு ஒரே வட்டம், சில வகைக்கு ஏ, பி என்று கிட்டத்தட்ட அதே அளவில் இரண்டு. உயிர்களின் மரபணுக் கணக்கில் இது ரொம்பச் சின்னது. ஆனாலும் பல பேர் பொதுப் பிரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சின்ன டிஎன்ஏ துண்டு) போட்டு, வைரஸைச் சுற்றியிருக்கும் மேலுறைப் புரதத்தின் மரபணுவில் ஐந்நூறு எழுத்துச் சொச்சம் பெருக்கி, மரபணு வரிசைத் தகவல் வங்கியில் ஒப்பிட்டு, இன்ன வைரஸ் என்று முடித்துவிடுகிறார்கள். வெள்ளை ஈ வைரஸ்களில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும் பகுதி அதுதான், அந்த ஈக்குள் போய் வருவதற்கு அந்த உறைதானே வேண்டும். அதைக் கொண்டு பெயர் சொல்வது சட்டையைப் பார்த்து ஆளைச் சொல்வது மாதிரி.

இப்படிச் சொல்ல எனக்கு ஓர் உதாரணம் இருக்கிறது, அதுவும் நம் ஆள்கள் நன்றாக அறிந்த மரவள்ளியில். 1990களில் உகாண்டாவில் மரவள்ளித் தேமல் நோய் முன்பு இல்லாத வேகத்தில் பரவி, காடு காடாக அழித்துப் பஞ்சம் வருகிற நிலைக்கு ஆளாக்கியது. மேலுறையை வைத்துப் பார்த்தபோது பழக்கப்பட்ட ஆப்பிரிக்க மரவள்ளி வைரஸ் மாதிரியே தெரிந்தது. முழு வரிசையையும் படித்த பிறகுதான், 1997இல், விஷயம் வெளியே வந்தது. உடம்பு கிழக்கு ஆப்பிரிக்க வைரஸுடையது, மேலுறை மரபணுவின் நடுப்பகுதி மட்டும் மற்ற வைரஸிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு வைரஸ் ஒரே செடியில் இருந்தபோது துண்டு மாற்றிக்கொண்டு புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. ஸ்பெயினிலும் தக்காளி வைரஸ்கள் இரண்டு கலந்து மாலகா பெயரில் புது வைரஸ் ஒன்று வந்தது. இந்தக் கூட்டத்துக்கு அது சகஜம். எங்கள் ஊரிலோ ஒரே கூரைக்குக் கீழே தக்காளி, அடுத்த வரிசையில் மிளகாய், வெளியே கத்தரி, வேலியோரம் களை, எல்லாவற்றிலும் ஒரே ஈ. கலப்பதற்கு இதைவிடத் தோதான இடம் வேண்டுமா? புதிய இனம் என்று ஒத்துக்கொள்ள முழு வரிசையும் தெரிந்த வைரஸ்களோடு 91 விழுக்காட்டுக்குக் குறைவாக ஒத்திருக்க வேண்டும் என்று உங்கள் துறையே விதி வைத்திருக்கிறது. முழு வரிசை என்றுதானே விதி சொல்கிறது.

வட்ட டிஎன்ஏவை முழுசாகப் பெருக்கித்தரும் முறை 2004லிருந்தே கையில் இருக்கிறது. ஃபை-29 என்கிற என்சைமைப் போட்டால் அது வட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் படியெடுத்துக்கொண்டே போகும், எந்த வைரஸ் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கத் தேவையில்லை. இப்போது வரிசையைப் படிக்கிற, கைக்குள் அடங்குகிற நானோபோர் கருவிகள் வேறு வந்துவிட்டன. நம் நாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு இது கைமீறிய வேலை இல்லை.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். வாய்க்கால் ஓரம், செம்பனை ஓரம், கொட்டகைக் கம்பத்தடி என்று எங்கு பார்த்தாலும் முளைக்கும் ஒரு களை, வெளிர் ஊதாவில் கொத்தாகப் பூக்கும், கசக்கினால் வாடை அடிக்கும். மலாய்க்காரர்கள் ரும்புட் தாஹி ஆயாம் என்பார்கள், அஜெரேட்டம் என்று நீங்கள் எழுதுவீர்கள். அதன் இலையில் நரம்பு மட்டும் பளிச்சென்று மஞ்சளாகி வலை பின்னியது மாதிரி இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்க்க அழகாகக்கூட இருக்கும். (இதே மாதிரி நரம்பு மஞ்சளான வேறொரு செடியைப் பார்த்து ஜப்பானியப் பேரரசி ஒருவர் 752இல் கவிதை பாடியிருக்கிறார். அது வெள்ளை ஈ வைரஸ்தான் என்று 2003இல் நிரூபித்தார்கள். தாவர வைரஸ் நோய் பற்றிய மிகப் பழைய எழுத்துக் குறிப்பு அதுதானாம்.) நமக்குப் பக்கத்தில், சிங்கப்பூரில் எடுத்த அஜெரேட்டம் களையிலிருந்துதான் 1995இல் அந்த வைரஸை வரிசைப்படுத்தினார்கள். அப்புறம் ஒரு புதிர். அந்த வைரஸை மட்டும் எடுத்துத் தக்காளிக்குக் கொடுத்தால் நோய் வருகிறது, அது வாழ்ந்த அஜெரேட்டத்துக்கே திருப்பிக் கொடுத்தால் அந்த மஞ்சள் நரம்பு வரவில்லை. 2000இல்தான் காரணம் கிடைத்தது. வைரஸோடு கூடவே அதில் பாதி அளவில், சுமார் 1,350 எழுத்தில், இன்னொரு சின்ன வட்டம் ஒட்டிக்கொண்டு திரிகிறது. பீட்டாசேட்டிலைட் என்கிறார்கள். தானாகப் பெருக அதற்கு முடியாது, ஆனால் கூட இருந்தால் நோயின் வீரியத்தையே மாற்றிவிடும்.

இது எங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், பீட்டாசேட்டிலைட் சேர்ந்துகொண்டால் டிஒய்-1 தரும் பாதுகாப்பு பலவீனமாகிறது என்று 2020இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். விலை கூடக் கொடுத்து நல்ல விதையே வாங்கினாலும், வேலியோரத்துக் களையிலிருந்து இது வந்து சேர்ந்தால் கதை மாறிவிடும். ஆகவே தக்காளி இலையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். களையையும் எடுங்கள், மிளகாயையும் கத்தரியையும் எடுங்கள், சேட்டிலைட்டுக்கும் சேர்த்துத் தேடுங்கள். களையில் இருப்பதும் தக்காளியில் இருப்பதும் ஒன்றேதான் என்று நீங்கள் சொல்லிவிட்டால் போதும், நாற்று வைப்பதற்கு முன்னால் ஊரே சேர்ந்து வாய்க்கால் ஓரத்தைச் சுத்தம் செய்யும். ஒரு கொட்டகைக்காரர் மட்டும் செய்து பலனில்லாத வேலை அது, தோட்ட நிர்வாகத்தையும் கேட்டாக வேண்டும். கேட்கப் போகும்போது கையில் ஒரு தாள் இருந்தால்தான் பேச்சு எடுபடும்.

ஈயைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலையில் குளிருக்குத் தாக்குப்பிடிக்கிற வெள்ளை ஈ டிரையலூரோடஸ், கீழே வெப்பத்தில் பெருகுவது பெமிசியா. இலைச்சுருட்டு பெகோமோவைரஸ்களைப் பரப்புவது பெமிசியாதான். டிரையலூரோடஸ் பரப்புவது கிரினிவைரஸ்களை, அவற்றில் சிலவற்றைப் பெமிசியாவும் பரப்பும். மலைத் தோட்டத்தில் எடுத்த முடிவை அடிவாரத்துக்கும் அப்படியே பொருத்த முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். பெமிசியாவிலேயே வெளித்தோற்றத்தில் பிரித்தறிய முடியாத முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணுவைப் படித்தால்தான் எது எது என்று தெரியும். மெட் என்று குறிக்கப்படும் இனம் இமிடாகுளோப்ரிட் போன்ற பூச்சிமருந்துகளுக்கு எளிதில் பழகிக்கொள்வதாகப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். எங்கள் கொட்டகையில் இருப்பது எது? தெரிந்தால் பயன்படாத மருந்துக்குக் காசு கொட்டுவதை நிறுத்துவோம். மருந்து அடிப்பவர் கையில் உறைகூட இல்லாமல் பின்னால் டாங்கி சுமந்துகொண்டு அந்தக் கூரைச் சூட்டில் நடப்பதைப் பார்க்கிறவன் நான். பலனில்லாத மருந்துக்காக ஒருவர் அதைச் சுவாசிக்க வேண்டாம்.

பலன் தருகிற மருந்தே ஆனாலும் ஓரளவுக்குத்தான். நோய்ச் செடியில் கால் மணி, அரை மணி நேரம் உறிஞ்சினாலே ஈ வைரஸை ஏற்றிக்கொள்ளும். உடம்புக்குள் ஒரு சுற்றுப் போய்வர எட்டு மணி நேரம் போல ஆகும், பிறகு வாரக்கணக்கில் போகிற செடிக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பறந்து வருகிற ஈ மருந்தில் செத்து விழுவதற்குள் வேலையை முடித்துவிடும். சரி, நெருக்கமான வலை கட்டலாம் என்றால் இந்தத் தாழ்நிலத்தில் காற்றோட்டம் குறைந்து உள்ளே வெந்துவிடும். வெப்பத்தில் தக்காளிப் பூ பிஞ்சாகாது. இப்படி எல்லாப் பக்கமும் முட்டுக்கட்டை இருக்கும்போது கடைசியில் நம்பக்கூடியது பொருத்தமான விதை ஒன்றுதான், அதனால்தான் சுற்றிச் சுற்றி வைரஸின் அடையாளத்துக்கே வந்து நிற்கிறேன்.

முடிவை எப்படிக் கொடுப்பது என்பதற்கும் ஒரு வார்த்தை. அக்கா மகள் தகவல் வங்கியில் தேடிக் காட்டினாள். பல பதிவுகளில் இடம் என்ற இடத்தில் ‘மலேசியா’ என்று மட்டும் இருக்கிறது, சிலவற்றில் மாநிலம். எந்த ஊர், எந்த ரகத் தக்காளி, எந்தப் பருவம் என்பது இல்லாமல் அந்த 2,700 எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு விவசாயி என்ன செய்வார்? ஊர், ரகம், நட்ட மாதம், கூரையா வெளிநிலமா என்பதைச் சேர்த்து எழுதுங்கள். யார் நிலம் என்று பெயர் போட வேண்டாம், அதில் எங்கள் ஆள்களுக்குப் பயம் உண்டு. நோய் என்று வெளியே தெரிந்தால் மொத்த வியாபாரி வரமாட்டார் என்று நினைக்கிறார்கள். இந்த வைரஸ் மனிதரை ஒன்றும் செய்யாது, காயைச் சாப்பிடலாம் என்பதையும் நீங்களே ஒரு வரியில் எழுதிக் கொடுத்தால் அந்தப் பயமும் குறையும்.

கட்டுரை வெளிவரும் வரை சொல்ல முடியாது என்று ஒரு காரணம் சொல்வார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். முழு வரிசையும், வைரஸ்களின் உறவைக் காட்டும் மரக்கிளைப் படமும் கட்டுரைக்கே இருக்கட்டும். ‘உங்கள் பையில் இருந்த இலையில் இன்ன வகை வைரஸ் இருக்கிறது, சேட்டிலைட் இருக்கிறது, அல்லது இல்லை, டிஒய்-2 மட்டும் உள்ள விதையை நம்ப வேண்டாம்’ என்று நான்கு வரி மலாயிலும் தமிழிலும் அனுப்புவதால் எந்தக் கட்டுரையும் கெட்டுப்போகாது. சீன நண்பர்களும் இங்கே நிறையப் பேர் பயிர் வைக்கிறார்கள், அவர்களுக்கு அவர்கள் மொழியில். மொழிபெயர்க்க ஆள் இல்லை என்றால் தமிழுக்கு நாங்களே செய்துகொள்கிறோம்.

அதோடு ஓர் ஆசையும் உண்டு. வைரஸின் முழு வரிசை கையில் வந்துவிட்டால் அதிலிருந்து நோய் உண்டாக்கும் குளோன், அதாவது வைரஸின் நகல், செய்து, அக்ரோபாக்டீரியம் என்கிற பாக்டீரியா வழியாகச் செடிக்குக் கொடுத்துப் பார்க்கலாம் அல்லவா. கடையில் கிடைக்கும் ரகங்களை எங்கள் ஊர் வைரஸுக்கு நேராகவே நிறுத்தி எது தாங்குகிறது என்று உங்கள் கண்ணாடிக் கூடத்தில் பாருங்கள். இது வந்துவிட்டால் பொட்டலத்தின் பின்பக்கச் சின்ன எழுத்தை நம்பி நாங்கள் காசைக் கட்ட வேண்டியதில்லை. விதை நிறுவனங்களும் இதைப் பார்த்து எந்த மரபணுவைச் சேர்ப்பது என்று முடிவு செய்வார்கள். எந்தக் கம்பெனியின் விதை ஜெயித்தாலும் எங்களுக்குச் சம்மதம்.

எங்கள் பக்கத்திலிருந்து என்ன முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வருகிறவர்களுக்குத் தங்க இடம் இருக்கிறது. கொட்டகைகளுக்குக் கூட்டிப்போக வண்டி இருக்கிறது, மழைக்காலத்தில் தோட்டத்து மண் சாலையில் உங்கள் கார் ஏறாது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் மஞ்சள் ஒட்டு அட்டையில் வாரம் எத்தனை ஈ விழுகிறது என்று எண்ணி எழுதிவைக்கத் தயாராக இருக்கிறார்கள், ஆசிரியரும் சரி என்றிருக்கிறார். எந்தக் கொட்டகையில் எந்த ரகம், எப்போது நட்டது, எந்த மருந்து எப்போது அடித்தது என்ற நோட்டுப் புத்தகத்தைத் தொடங்கியிருக்கிறோம். இலையை எப்படிப் பறித்து எதில் காயவைத்து அனுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால், நீங்கள் வர முடியாத மாதங்களில் நாங்களே தபாலில் அனுப்பிவைப்போம்.

அடுத்த நாற்று ஆண்டுக் கடைசி மழை குறைந்ததும் இறங்கும். நட்ட மூன்றாவது வாரம் வந்தால் அறிகுறி இருக்கிற செடியும் இல்லாத செடியும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும், இரண்டையும் எடுக்கலாம். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் வந்தால் ஈயையும் இலைக்கு அடியில் அப்படியே பிடித்துவிடலாம், ஒன்பது மணிக்கு மேல் தொட்டாலே பறந்துவிடும். வருவதற்கு முன்னால் தாப்பா கடைத்தெருவில் எந்த நாற்றுக் கடையில் கேட்டாலும் எங்கள் கொட்டகைகளுக்கு வழி சொல்வார்கள். ஐஸ் நாங்கள் வாங்கி வைக்கிறோம். போகும்போது முடிவை யார், எந்த மாதத்துக்குள், எந்த எண்ணுக்கு அனுப்புவார் என்று அந்த நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
தாப்பா அடிவாரத்துத் தக்காளி விவசாயி ஒருவன்